மூணு புள்ளிக்குள்ள யாரு, வெளியில யாரு?

உங்க ஆண்ட்ராய்டு போன்ல ஏதாவது ஒரு ஆப்பைத் திறங்க பாஸ். பல ஆப்ல மேலே வலது ஓரத்துல, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு புள்ளி இருக்கும். எந்தப் பட்டனை அந்தப் புள்ளிக்குள்ள தள்ளுறது, எதை வெளியே காட்டுறதுன்னு ஆபீஸ்ல நடக்குற சண்டை இருக்கே... பஸ் சீட்டுக்குக் கர்ச்சீப் போடுறதெல்லாம் சும்மா!

நான் இன்டர்னா சேர்ந்த இடத்துல எனக்குக் கிடைச்சது, கிராமத்துப் பால் சங்கங்களுக்கான ஆப். ரசீது, தேடு, ரிப்போர்ட், ஷேர், சிங்க், செட்டிங்ஸ், அழி... மொத்தம் ஏழு பேர் க்யூவில. மேலே இடமோ ரெண்டு, மூணு பேருக்குத்தான். மார்க்கெட்டிங் அண்ணா 'ஷேர்' வெளியே வேணும்னார். மேனேஜர் சார் 'ரிப்போர்ட்'தான்னார்.

2011-ல ஆண்ட்ராய்டு 3.0-வோட ஆக்‌ஷன் பார் வந்தப்பவே இதுக்கு வழி சொல்லிட்டாங்க. ஒவ்வொரு மெனுவுக்கும் 'ஆல்வேஸ்', 'இஃப் ரூம்', 'நெவர்'னு ஒண்ணு குறிக்கலாம். எல்லாத்துக்கும் 'ஆல்வேஸ்' போட்டா, சின்ன ஸ்கிரீன்ல தலைப்பே நசுங்கிடும். 'இஃப் ரூம்'தான் நல்ல பிள்ளை. இடம் இருந்தா உட்காரும், இல்லேன்னா சத்தமில்லாம புள்ளிக்குள்ள போயிடும். கூகுளோட பழைய டிசைன் கைடு மூணு கேள்வி கேட்கச் சொல்லும்: அடிக்கடி தேவையா? முக்கியமா? இந்த மாதிரி ஆப்ல எல்லாரும் எதிர்பார்க்கிறதா?

சரி, யாருக்கு முக்கியம்? அதைத் தெரிஞ்சுக்க ஒருநாள் விடியக்காலையில பால் சங்கத்துக்கே போனேன். கேனும் கையுமா அக்காக்கள் வரிசை. அளக்குற அண்ணன் ஈரக்கையோட போனைத் தொடுறார். எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு காசு... ரசீது கைக்கு வந்தாத்தான் அக்காக்கள் நகர்றாங்க. நான் நின்ன வரைக்கும் 'ஷேர்' பக்கம் அவர் விரல் போகவே இல்லை.

மறுநாள் மீட்டிங்ல சொன்னேன்: "சார், ரசீதை உள்ள வெச்சா ஒவ்வொரு அக்காவுக்கும் ஒரு தட்டு கூடுதல். வரிசையே நின்னுடும்."

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் சார் தலையாட்டினார். ரசீதும் தேடுவும் வெளியே. ரசீதுக்குப் படம் வேண்டாம், எழுத்தாவே போட்டோம். 'அழி'யை உள்ளே கடைசியில வெச்சு, "நிச்சயமா?"னு ஒரு கேள்வியும் சேர்த்தோம். ஈர விரல் பட்டு ஒரு அக்காவோட பால் காசு காணாமப் போகக் கூடாதே! "என் ஷேரை உள்ள தள்ளிட்டியே, ட்ரீட் வை"ன்னார் மார்க்கெட்டிங் அண்ணா.

ப்ராஜெக்ட்டுக்கு ஆப் பண்ணப்போறீங்களா? அதைப் பயன்படுத்தப்போறவங்க பக்கத்துல ஒரு காலைப்பொழுது நின்னு பாருங்க. எது வெளியே வரணும்னு அவங்க விரலே சொல்லிடும்.