சோடி பிரியாத சில்லுகள்

கொழும்பு மாநகரைக் காண வருவோர் காலிமுகத் திடலில் காற்று வாங்குவர். புறக்கோட்டையில் பொருள் கொள்வர். கொட்டாஞ்சேனைக் கோயில்களில் கும்பிடுவர். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் உண்டு உறங்குவர். கிராண்ட்பாஸைப் பார்ப்பதற்கென்றே வருபவர் மிகச் சிலர். இங்கு வருவோர் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அலுவலாகவே வருவர். அத்தகைய அலுவல்களுள் ஒன்று, பழைய கெப் வண்டியின் பின்அச்சிலுள்ள பற்சில்லுகளை மாற்றுவது. கேட்பதற்குச் சிறிய வேலைதான். ஆயினும் அந்த வண்டியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது சீவனப் பிரச்சினையாகும்.

இவ்வூரின் பெயரே போக்குவரத்தினாற் பிறந்த பெயர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை இங்கே இருந்தது. 'பாஸ்' என்றது அக்கடவையையே. ஆங்கிலேயர் படகுகளை வரிசையாகப் பிணைத்து, அவற்றின்மேல் பலகை பரப்பிப் பாலமாக்கினர். 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் வந்தது. 2021இல் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் கங்கை பெருகினால், நாகலகம் வீதி அளவுகோல் காட்டும் நீர்மட்டத்தை இன்றும் நகரமே கேட்டறிகின்றது. தமிழ் வாசகர்களுக்கோ இன்னொரு காரணத்தாலும் இவ்விடம் பழக்கமானது. 1930இல் தோன்றிய வீரகேசரி கிராண்ட்பாஸ் வீதியிலிருந்தே வெளிவந்தது.

மலைநாட்டு மரக்கறிகளை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் இறங்கும் வண்டிகள் ஆற்றின் அக்கரையில், பேலியகொடையில், இப்போது இயங்கும் மெனிங் சந்தையை அடைகின்றன. பாலத்தைக் கடந்து இப்பால் வந்தால், நோயுற்ற வண்டிகளுக்கு வைத்தியம் செய்யும் கராஜ்களைக் காணலாம். அங்கே கைவினைஞரைப் 'பாஸ்' என்று அழைப்பர். அது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற வேறொரு சொல். ஊர்ப் பெயரில் உள்ள 'பாஸ்' அன்று.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், புதியதை வாங்க முடியாதவர்கள் பழையதைப் பேணக் கற்றுக்கொண்டனர். கழற்றிய வண்டிகளின் பாகங்களே அவர்களுக்குக் கைகொடுத்தன.

பின்அச்சின் நடுவே உருண்டையாகப் புடைத்திருக்கும் இரும்புப் பெட்டியை வாசகர்கள் கண்டிருப்பர். அதனுள்ளே, இயந்திரத்திலிருந்து வரும் தண்டின் நுனியில் பினியன் என்ற சிறிய பற்சில்லு இருக்கின்றது. அது கிரவுன் வீல் என்ற பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 43 பற்களை 11 ஆல் வகுத்தால் 3.91, 41 பற்களை 9 ஆல் வகுத்தால் 4.56. முதலாவதை நீக்கி இரண்டாவதைப் பூட்டினால் சில்லுகளுக்குச் சேரும் இழுவை ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறரை பங்கு கூடும். பாரத்துடன் மலையேறும் வண்டிக்கு அது பெருந்துணை. ஆனால் இலவசமாகக் கிடைப்பது எதுவுமில்லை. முன்பு நிமிடத்துக்கு 2500 சுற்றுச் சுழன்ற இயந்திரம் இனி அதே வேகத்துக்கு 2900க்கு மேற் சுழல வேண்டும். சமதரையில் நெடுந்தூரம் ஓடுபவர் அதனை எரிபொருட் செலவிற் காண்பர்.

கிராண்ட்பாஸிலிருந்து தெற்கே மருதானைப் பக்கமாகச் சென்றால் பஞ்சிகாவத்தையை அடையலாம். வாகன உதிரிப்பாகங்களுக்கு நாடெங்கும் பெயர்பெற்ற கடைத்தெரு அது. அங்கே பற்சில்லு வாங்குவோர் மறக்கலாகாத விதி ஒன்று உண்டு. கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உராய்ந்து இணங்கும்படி செய்யப்பட்ட சோடி. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே சோடி இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு சோடியின் பெரியதையும் இன்னொரு சோடியின் சிறியதையும் மலிவாகக் கிடைத்ததென்று சேர்த்துப் பூட்டினால், முதலில் ஊளைச் சத்தம் கேட்கும். பின்பு பற்கள் தேயும். ஈற்றில் நடுவழியில் வண்டி நிற்கும். எனவே, விலை பேசுமுன் இலக்கத்தைப் பார்த்தல் வேண்டும். கடைக்காரர் சொல்லும் கணக்கோடு நில்லாது பற்களையும் எண்ணுதல் வேண்டும். பல்லின் முனை உடைந்திருந்தாலோ, சூடேறி நீலம் பாய்ந்திருந்தாலோ அதனைத் தொடாதிருப்பதே நலம்.

தம் வண்டியிலுள்ள விகிதத்தை அறிய மாணவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. பெரியவர் ஒருவரின் துணையோடு, முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கியரை நடுநிலையில் விடுக. ஒரு பின்சில்லை அசையாது பிடித்து, மற்றதை இரண்டு முறை முழுமையாகச் சுற்றுக. அப்போது நடுத்தண்டு சுற்றும் தொகையே விகிதம். ஏன் இரண்டு சுற்று? வளைவுகளில் வெளிச்சில்லு உட்சில்லைவிட விரைந்து ஓடுவதற்காக அமைந்த டிபரன்ஷல், இரு சில்லுகளின் சுழற்சியின் சராசரியையே கிரவுன் வீலுக்குரியதாக்குகின்றது. ஒன்று நிற்க மற்றது இருமுறை சுழன்றால், கிரவுன் வீல் ஒருமுறை சுழலும்.

பல ஜப்பானிய கெப்களில், எண்ணெயை வடித்து, இருபக்க அச்சுத் தண்டுகளையும் இழுத்தபின் டிபரன்ஷல் தலை முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றலாம். நல்ல நிலையிலுள்ள முழுத் தலையாகவே வாங்கிப் பூட்டுவது எளிது. சில்லுகளை மட்டும் மாற்றுவதாயின் நுண்ணிய வேலை தொடங்குகின்றது. பற்களுக்கிடையே விடும் இடைவெளி மில்லிமீற்றரில் பத்திலொரு பங்களவு. அனுபவமுள்ள பாஸ் பற்களிற் சாயம் பூசிச் சுற்றிப் பார்ப்பார். தடம் பல்லின் நடுவே பதிய வேண்டும். நுனியிற் பதிந்தால் பினியன் எட்ட நிற்கின்றது. அடியிற் பதிந்தால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது. மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அவர் அதனைச் சரிசெய்வார். இந்தப் பொறுமைக்கே நாம் கூலி கொடுக்கின்றோம்.

நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டியாயின் முன்அச்சிலும் அதே விகிதம் இருத்தல் அவசியம். இல்லையேல் இரு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கியர்ப் பெட்டியிலிருந்து வேகமானி இயங்கும் பழைய கெப்களில், மேற்சொன்ன மாற்றத்தின்பின் உண்மை வேகம் 50 ஆக இருக்கையில் முள் 58 காட்டும். அதனையும் திருத்திக்கொள்ளல் வேண்டும். தயாரிப்பாளர் விதித்த தரத்து எண்ணெயையே புதிதாக ஊற்றி, முதல் ஓட்டங்களைப் பாரமின்றிக் குறுகிய தூரமாக ஓடி, இடையிடையே ஆறவிடுவது நன்று.

பழையது என்பதனால் ஒரு பொருள் பயனற்றதாகிவிடாது. மலிவு என்பதனால் இலாபமாகிவிடவும் மாட்டாது. அதன் சோடி எது, அளவு எது என்று அறிந்து வாங்குபவருக்கே அது பயன் தரும். பஞ்சிகாவத்தைக்குப் போகும் அன்பர்கள் பணப்பையோடு ஒரு துண்டுக் காகிதத்தையும் கொண்டுசெல்வார்களாக. அதில் தம் வண்டியின் பற்கணக்கு எழுதப்பட்டிருக்கட்டும்.