பத்துக் காதும் ஒரு காரும்

கலியாண வீடு என்றால் ஏதாவது ஒரு சண்டை இருக்கத்தான் வேண்டும். அதிலும் பெண் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். நகையில் வரும், புடவைக் கரையில் வரும், பந்தியில் என்ன பாயசம் என்பதிலே வரும். எங்கள் வீட்டில் இவை ஒன்றிலும் வரவில்லை. சம்பந்தி வீட்டார் தங்கமானவர்கள். தங்கத்தைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. சண்டை வந்தது பாட்டில்! ரிசப்ஷனன்று மாலை மேடையில் யார் பாடுவது, என்ன பாடுவது?

எங்கள் வீட்டுக்காரர் இளையராஜா பக்தர். நாற்பது பாட்டுக்கு ஒரு ஜாபிதா கைப்பட எழுதி, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். பிள்ளை, "இதெல்லாம் போட்டால் என் சிநேகிதர்கள் வாசலோடு போய்விடுவார்கள், டி.ஜே. வேண்டும்" என்றான். மாமனார், "காலையில் நாதஸ்வரம் போதும். மற்றதெல்லாம் சாப்பாட்டுக்கு இடைஞ்சல்" என்று தீர்ப்புச் சொன்னார். கலியாணப் பெண்ணோ ஒன்றும் சொல்லவில்லை. காதில் எதையோ செருகிக்கொண்டு கொரியா தேசத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கட்டத்தில்தான் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைக்கப் புறப்பட்டோம். தெய்வம் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கில். சென்னையிலிருந்து 500 கிலோ மீட்டருக்கு மேல். ஒரே காரில் ஐந்து பேர், பத்துக் காது, பாட்டுப் பெட்டி ஒன்று. தாம்பரம் தாண்டுவதற்குள் மூன்று தடவை பாட்டு மாறி, நாலாவது தடவை கையும் கையும் மோதிக்கொண்டன. நான் பின் ஸீட்டிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கு ஒரு முறை. ஒருவர் பாட்டு ஓடும்போது மற்றவர் முகத்தைச் சுளிக்கக் கூடாது. சுளித்தால் அவர் முறை பறிபோகும். வயதை உத்தேசித்து முதல் முறை மாமனாருக்கு.

மாமாவுக்கு 84 வயது. ஸௌந்தரராஜன், சுசீலா காலத்து மனிதர். செங்கற்பட்டு ஏரியைத் தாண்டும்போது தொடங்கினவர் விழுப்புரம் வருவதற்குள் பாட்டை நிறுத்திவிட்டு, பாட்டுக் கேட்ட கதையை ஆரம்பித்து விட்டார். அதுவும் அவர் முறையில் சேர்த்திதான் என்று விட்டுவிட்டேன்.

இன்று பிள்ளைகள் பாட்டுக் கேட்டால் அப்பாக்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அன்றோ நாட்டுக்கே ஒரு அப்பா இருந்தார்! 1952-ல் தகவல், ஒலிபரப்பு மந்திரியாக வந்தவர் டாக்டர் பி. வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போயிற்று. சாஸ்திரீய சங்கீதம் பெருகிற்று. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எந்த வீட்டிலும் செய்வதைத்தான் செய்தார்கள். அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வீடு இலங்கை. கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியின் முள்ளை எங்கே நிறுத்த வேண்டும் என்பது ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பையனுக்கும் தெரிந்திருந்ததாம். கடைசியில் 1957 அக்டோபர் 3-ம் தேதி சர்க்காரே விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. "அப்பாமார்கள் தோற்ற தேதி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் சரித்திரத்தில் இருக்கிறது" என்று பிள்ளை சொன்னான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவன் அப்பா முகத்தைச் சுளித்தார். சட்டப்படி அவர் முறை போயிருக்க வேண்டும். சுங்கச் சாவடி குறுக்கிட்டதால் பிழைத்தார்.

கொள்ளிடம் பாலத்தின்மேல் ஏறியதும் மலைக்கோட்டை தெரிந்தது. "பாகவதர் ஊர்" என்று மாமா கைகூப்பினார். அந்தக் கும்பிடு உச்சிப் பிள்ளையாருக்கா, தியாகராஜ பாகவதருக்கா என்று நான் கேட்கவில்லை.

பாகவதர் 1910-ல் மாயவரத்தில் பிறந்தாலும் வளர்ந்தது திருச்சியில். தகப்பனார் பொற்கொல்லர். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனசு போகவில்லை, பாட்டில்தான் போயிற்று. தகப்பனார் கண்டித்தார். பையன் வீட்டை விட்டே ஓடிப்போனான். தேடித் தேடி, கடைசியில் கடப்பையில் கண்டுபிடித்தபோது, கூட்டத்துக்கு நடுவே நின்று பாடிக்கொண்டிருந்தானாம். அந்தத் தகப்பனாரின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அடிக்கக் கை ஓங்குவதா, கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டுவதா?

மாமாவின் அப்பா வாலிபத்தில் பாகவதர் கிராப் வைத்துக்கொண்டவர். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது தெரியுமல்லவா? பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தாய் தகப்பனைத் துரத்திவிட்டு, பிறகு புத்தி வந்து அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பிள்ளையின் கதை அது. தாய் தகப்பனைப் போற்றச் சொல்லும் அந்தப் படத்தை, தாய் தகப்பனுக்குத் தெரியாமல் பதினோரு தடவை பார்த்தாராம் அவர்! அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாகவதர் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போனார். 1947-ல் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். ஆனால் வெளியே ஜனங்களின் காது மாறியிருந்தது. 1948-ல் வந்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. 1959-ல், 49 வயதில் காலமானார். சங்கிலியாண்டபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. மாமா அங்கே போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தார். காருக்குள் பிள்ளை அந்த ஐந்து நிமிஷமும் ப்ளூடூத்தைத் தொடவில்லை. அவன் நல்ல பிள்ளைதான். பாட்டுத்தான் அப்படி.

திருச்சி தாண்டியதும் அவன் முறை. அநிருத். கார்க் கதவெல்லாம் அதிர்ந்தது. 'த்ரீ' படத்துப் பாட்டு ஒன்று 2011 கடைசியில் இணையத்தில் வந்து உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிற்றே, அப்போது அவனுக்கு எட்டு வயது. அதிலிருந்து பிடித்தது. அவன் அப்பாவுக்கு 'அன்னக்கிளி' வந்த 1976-லும் எட்டு வயதுதான். "டீக்கடை வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்" என்று மாமா இப்போதும் பெருமையாகச் சொல்வார். அவரை, ஸௌந்தரராஜன் பாட்டுக் கேட்டதற்காக அவர் அப்பா திட்டியிருக்கிறார். "பாகவதர் பாடி வைத்துவிட்டுப் போனதற்கு இவன் யார்?" என்பாராம். இந்த வம்சத்தில் ஒவ்வொரு அப்பாவுக்கும் சங்கீதம் அவரவர் கலியாணத்தோடு முடிந்து போய்விடுகிறது. அதற்கு மனைவிமார்கள் பொறுப்பா என்பதை நான் விசாரிக்கப் போவதில்லை.

விராலிமலை வந்தது. என் முறை. எல்லோரும் நான் ஜானகி பாட்டுக் கேட்பேன் என்று நினைத்தார்கள். "எனக்குச் சத்தமில்லாத பாட்டு வேண்டும். மேலூர் வரையில்" என்றேன்.

பெட்டியை அணைத்தார்கள். துவரங்குறிச்சிப் பக்கம் பாறைக் குன்றுகளும் புளிய மரங்களுமாக அழகான சாலை. பத்து நிமிஷம் போயிற்று. சத்தமில்லாமல் இருக்க முடியாத இவர், கண்ணாடியில் பெண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, மாப்பிள்ளைக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?"

ஆறு மாதமாக மாப்பிள்ளையின் சம்பளம், ராசி, சர்க்கரை வியாதிப் பரம்பரை எல்லாம் விசாரித்தோம். இதை ஒருவரும் கேட்கவில்லை. 28 வருஷத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாமா முதலில் கேட்டதே "பாடத் தெரியுமா?" என்றுதான். நான் பாடினேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பாடச் சொன்ன காலம் போய்விட்டது, நல்லது. மாப்பிள்ளையைப் பாடச் சொல்லும் காலம் வரவில்லை.

"அவருக்குப் பாட்டே பிடிக்காதுப்பா" என்றாள் பெண்.

கார் கொஞ்சம் தடுமாறிற்று. "பிடிக்காது என்றால்? பழைய பாட்டா?"

"எதுவுமே. பாட்டுக் கேட்கிற பழக்கமே இல்லை. அவங்க வீட்டிலே யாருக்கும் இல்லை."

"கொரியாக்காரன் பாட்டுக்கூட?"

"ஊஹூம்."

இவர் முகம் போன போக்கை நான் வர்ணிக்க மாட்டேன். குடிக்கிறான் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வெளுத்திருக்காது. "காலையில் எழுந்தால்... காபி போடும்போது... ஒன்றும் ஓடாதா?" என்றார். "சும்மாவே எப்படியம்மா இருப்பே?" பெண் சிரித்தாள். "நான் போட்டா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்ப்பா. எது போட்டாலும் சரின்னு உட்கார்ந்திருப்பார்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. எது போட்டாலும் சரி என்று உட்கார்ந்திருக்கும் ஒரு கணவனை இவள் எங்கே தேடிப் பிடித்தாள் என்ற யோசனையிலேயே எனக்கு மேலூர் வந்துவிட்டது.

மதுரையில் இவர் ஜிகர்தண்டாவைப் பாதியில் வைத்துவிட்டார். முனிச்சாலையில் 2023-ல் வைத்த டி. எம். ஸௌந்தரராஜன் சிலையை மாமா பார்க்க வேண்டுமென்றார், பார்த்தோம். 1950-ல் 'கிருஷ்ண விஜய'த்தில் பாடத் தொடங்கியபோது ஸௌந்தரராஜன் பாகவதர் பாணியிலேதான் பாடினார். மாமாவின் அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் கோபித்துக்கொண்டாரோ என்னவோ. அப்புறம் மீனாக்ஷி கோயிலுக்குப் பக்கத்திலுள்ள அனுமந்தராயன் தெரு. எம். எஸ். சுப்புலக்ஷ்மி 1916-ல் பிறந்த ஊரல்லவா இது? அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்று மதுரை. இன்னொன்று வீணை வாசித்த தாயார் சண்முகவடிவு. ஊர் பெயரும் அம்மா பெயருமாகவே உலகம் சுற்றிவிட்டு வந்த இனிஷியல்! இதை நான் சொன்னபோது ஆண்கள் மூவரும் பார்க்கிங் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

மதுரையை விட்டதும் இவர் முறை. நாற்பது பாட்டு ஜாபிதாவும் தயார். சாவியைத் திருகிவிட்டு, "நீ போடம்மா, உன்னுடையதை" என்றார் பெண்ணிடம். பி.டி.எஸ். என்ற ஏழு பையன்கள், 2013-லிருந்து பாடுகிறார்களாம். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வரைக்கும் கொரியாதான். இவர் முகத்தைச் சுளிக்கவில்லை. நடுவே ஒரு தடவை, "இவன் குரல் தேவலை" என்றார். எல்லோரும் ஒரே குரலில்தான் பாடுவதாக எனக்குத் தோன்றியது.

தேனி தாண்டினால் பூமியின் நிறமே வேறு. வலது கைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எழுப்பினாற்போல் கூடவே வரும். வாழை, தென்னை, நெல் வயல்; பிறகு பந்தல் பந்தலாகப் பன்னீர்த் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் திராட்சை இதுதான். உத்தமபாளையத்தில் திரும்பி, கோம்பை வழியாகப் போனால் பண்ணைப்புரம். மலையடிவாரத்து ஊர். 1943-ல் இளையராஜா இங்கே பிறந்தார். அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாட, தம்பிகள் கூடப் போனார்கள். பிள்ளைகள் சென்னைக்குப் பாட்டுத் தேடிப் போகிறோம் என்றதும், அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்றுப் பணம் கொடுத்தார். வீட்டில் பாடிக்கொண்டிருந்த ஒரே பெட்டி அது! அந்தப் பிள்ளை தம் 81-வது வயதில், 2025 மார்ச்சில், லண்டனில் ஸிம்பனி நடத்திவிட்டு வந்தார்.

இவர் இங்கே வந்தால் பேச்சு நிற்காது என்று பயந்திருந்தோம். மாறாக, தெருமுனையில் இறங்கி நின்று மலையைப் பார்த்தார். "'பாரதி' படத்திலே அவர் இசைக்கு அவர் பெண் பவதாரிணி பாடித்தான் தேசிய விருது வாங்கிச்சு" என்றார். அவ்வளவுதான். பவதாரிணி 2024 ஜனவரியில், 47 வயதில் போய்விட்டார். கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்ப்பில், பாட்டி சின்னத்தாய்க்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கே போகலாமா என்று பிள்ளை கேட்டான். "வேண்டாம், நல்ல காரியத்துக்குக் கிளம்பியிருக்கிறோம்" என்றார் மாமா. பெண் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

குலதெய்வத்தின் காலடியில் பத்திரிகை வைத்தாயிற்று. பொங்கல் வைத்து, விபூதி வாங்கிக்கொண்டோம். ரிசப்ஷனுக்கு யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஜாபிதாவில் நாற்பது இருபத்தெட்டாகியிருக்கிறது. பெண் நாலு கொரியாப் பாட்டைப் பென்ஸிலால் சேர்த்திருக்கிறாள். பிள்ளை பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

திரும்பும் வழியில் சாலையோரம் திராட்சைக் கடை. இருபது வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கடைக்குள்ளிருந்து எண்பதுகளின் இளையராஜா பாட்டு! இவருக்கு உயிர் வந்துவிட்டது. எங்கள் பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, உனக்கு ராஜா பாட்டுன்னா ரொம்பப் பிடிக்குமா?" என்றார்.

"எங்கப்பா போட்டுட்டுச் சாப்பிடப் போயிருக்காருண்ணே. மாத்துனா வைவாரு" என்றான் பையன்.

'அண்ணே' என்றதில் இவருக்குப் பாதி உச்சி குளிர்ந்துவிட்டது. மீதியைப் பற்றி யோசிக்காமல், இன்னும் இரண்டு கிலோ போடச் சொன்னார். விலைகூடக் கேட்கவில்லை. கடைக்காரப் பையனும் எங்கள் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.