அரித்தாவின் பீங்கானும் அதன் அடித்தழும்பும்

ஜப்பானின் தென்மேற்கே உள்ள கியூஷுத் தீவில், சாகா மாகாணத்து மலைகளுக்கிடையே அமைந்த சிற்றூர் அரித்தா. ஃபுகுவோக்காவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். சந்துகளில் நடந்தபோது, பழஞ்சூளைகளின் செங்கற்களைக் கொண்டு எழுப்பிய மதில்களைக் கண்டோம். தோசான் கோயிலின் தோரண வாயிலும் பீங்கானே, 1888-இல் அமைத்தது.

ஊரின் கிழக்கே, கல்லெடுத்துக் குடைந்த இஸுமியாமாக் குன்று நிற்கிறது. ஹிதெயோஷி 1592 முதல் 1598 வரை கொரியாவின் மீது படையெடுத்த காலத்தில், ஜப்பானியப் பிரபுக்கள் அங்கிருந்து குயவர்களைக் கொணர்ந்தனர். அவர்களுள் ஒருவரான யீ சாம்பியோங், 1616-ஆம் ஆண்டளவில் இக்குன்றில் பீங்கான் கல்லைக் கண்டறிந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அவர்கள் பிழைப்பு நாடி வந்தவர் அல்லர். பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவர்கள். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்வேறுபாடு புரியாமற் போகாது.

அரித்தாவில் செய்த பண்டங்கள் அருகிலுள்ள இமாரித் துறைமுகத்தில் கப்பலேறின. ஒல்லாந்தக் கம்பெனியார் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அவற்றை நாகசாகி வழியே ஐரோப்பாவுக்கு அனுப்பினர். செய்த ஊரின் பெயர் மறைந்து, கப்பலேற்றிய துறையின் பெயரால் அவை 'இமாரி' ஆயின.

பழம்பீங்கானை மதிப்பிடுவோர்க்கு இதுவே முதற்பாடம்: பெயரை மட்டும் நம்பிவிடலாகாது. பழைய இமாரித் தட்டுகள் பலவற்றின் அடியில் சீன மிங் பேரரசரின் ஆட்சிக் குறிப்பு காணப்படும். அது அலங்காரமேயன்றிக் காலக்கணக்கு அன்று. மேலும், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வேண்டுமென்று அமெரிக்கா 1890-இல் சட்டம் இயற்றிய பின்னரே, ரோமன் எழுத்தில் 'நிப்பான்' என்று பொறிப்பது வழக்கமாயிற்று. 1921 முதல் 'ஜப்பான்' என்று பொறித்தனர். அத்தகைய முத்திரை தாங்கிய சாடியை முந்நூறு ஆண்டுப் பழமையுடையது என்று ஒருவர் விற்றால் நம்பற்க.

பின் எதைப் பார்ப்பது? தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். சூளை வெப்பத்தில் பெரிய தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாதிருக்க, சிறு மண் கூம்புகளை அடியில் முட்டுக் கொடுத்தனர். அவற்றின் தழும்புகள் புள்ளிகளாய் நிற்கும். கையால் வரைந்த கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். விரலால் மெல்லத் தட்டினால் முழுத் தட்டு மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மழுங்கி ஒலிக்கும். இவற்றுள் ஓர் அடையாளம் மட்டும் போதாது. பலவும் ஒத்துச் சாட்சி சொல்ல வேண்டும்.

மறுவிற்பனையைக் காண விரும்புவோர் கியோத்தோவுக்குச் செல்லலாம். அங்குத் தோஜி கோயில் வளாகத்தில் மாதந்தோறும் 21-ஆம் நாள் சந்தை கூடுகிறது. பழம்பொருள்களும் விலைக்கு வரும். உடைந்த கலத்தை அரக்கினால் ஒட்டி, ஒட்டின்மேல் பொன்தூள் இடும் 'கின்ட்சுகி' என்னும் கலை ஜப்பானியருடையது. ஒட்டு மறைக்கப்படுவதில்லை, எடுத்துக் காட்டப்படுகிறது. ஆனால் வண்ணம் பூசி விரிசலை மறைத்து விற்போரும் உலகெங்கும் உண்டு.

நம் வீட்டு அலமாரியிலும் பாட்டனார் வாங்கிய ஜப்பானியச் சாடி இருக்கலாம். அதை விற்க நேர்ந்தால், மதிப்பிடுபவரே வாங்குபவராக இருக்குமிடத்து மற்றொருவரிடமும் காட்டுக. குறையிருப்பின் எழுதிக் கொடுத்து விற்க. விலை சற்றுக் குறையலாம். வாங்கியவர் நாளை நம் வாசலில் வந்து நிற்க மாட்டார்.