தனிச் சட்டி

தை 18

நண்டுக் குழம்பு கொதிக்காத தை மாசம் கூனங்குப்பத்தில் கிடையாது. இந்த வருஷம் எனக்கு மட்டும் தனிச் சட்டி. மிளகாய்த்தூள் போடுவதற்கு முன்னாலேயே மருமகள் சில துண்டுகளை எடுத்து, மஞ்சளும் சீரகமும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு இறக்கிவிடுகிறாள். புளி கிடையாது. "இது நண்டா அத்தே, பத்தியக் கஞ்சியா?" என்று சிரிக்கிறாள். நண்டுக்காலைப் பல்லால் கடித்து உடைக்கவும் எனக்குத் தடை. அம்மிக்குழவியால் தட்டி, சதையை மட்டும் எடுத்துத் தருகிறாள். ஓட்டின் முனை ஈறில் கீறினால் அந்த இடத்திலேயே புதுப் புண் கிளம்பிவிடும். உரசுகிற இடத்தில் முளைப்பது இந்த நோயின் குணம்.

என் வாயில் வந்திருக்கும் இதற்கு லைக்கன் பிளானஸ் என்று பெயர். 1869லேயே எராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வைத்துவிட்டாராம்.

தை 26

ஐப்பசி மழையில் ஆரம்பித்தது இந்த வாய்ப்புண். உடம்புச் சூடு என்றார்கள், வயிற்றுப்புண் என்றார்கள். மெடிக்கல் கடையில் பி காம்ப்ளக்ஸ் கொடுத்தார்கள். பெரிய நாத்தனார் மாசிக்காயை உரைத்துத் தடவினாள். உயிர் போய் வந்தது. கடைசியில் பொன்னேரி போய் ரயில் பிடித்து, சென்னை கோட்டை ஸ்டேஷன் பக்கத்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம்.

அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா முதலில் கேட்டது, "வெத்தலை போடுவீங்களா? எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்றுதான். அடக்குகிற பக்கத்தில் மட்டும் இதே போல வெள்ளைக் கோடு விழுவதுண்டாம். அது வேறு கணக்கு. அப்புறம் பிரஷர் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, பல்லில் அடைத்த வெள்ளிப் பூச்சு எல்லாவற்றையும் விசாரித்தார். அவற்றாலும் இப்படி வரலாம். எனக்கு எதுவும் பொருந்தவில்லை. கண்ணாடியைக் கொடுத்து உள்கன்னத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் வலைக்கண் போல வெள்ளைப் பின்னல், நடுவில் தோல் உரிந்த சிவப்பு. வெள்ளை வலிக்காது, சிவப்புதான் எரியும். கடுகளவு சதை எடுத்து அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்தது.

உடம்பின் காவல் அணுக்களே வாய்த்தோலின் அடி அடுக்கைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகின்றனவாம். ஒட்டுவாரொட்டி இல்லை. இதைப் பக்கத்து வீட்டுக்காரி காதில் விழும்படி மருமகளிடம் இரண்டு தரம் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என் டம்ளரைத் தள்ளிவைப்பதை நான் பார்க்காமலா இருக்கிறேன்!

மாசி 9

மகத்துக்குக் கடலில் முழுக்கு. கூட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம். "உப்புத்தண்ணில கொப்பளின்னு சொன்னாங்களே, முகத்துவாரத்துல அள்ளிக்கோயேன், காசா பணமா" என்றாள் ஒருத்தி. ஊர்ச் சாக்கடை ஏரியில் கலந்து அந்த முகத்துவாரம் வழியாகத்தான் போகிறது என்பது அவளுக்கும் தெரியும். கேன் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் உப்பு. சாப்பிட்டதும் கொப்பளித்தால் போதும்.

மாசி 22

பல் விளக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. உமிக்கரி, வேலங்குச்சி, இஞ்சியும் கிராம்பும் போட்ட சிவப்புப் பல்பொடி எல்லாமே ஈறை அறுக்கும். எரிகிறதென்று விளக்காமல் விட்டால் ஈறோரம் அழுக்குப் படிந்து புண் இன்னும் சிவக்கும். இதை டாக்டரம்மா படம் வரைந்தே விளக்கினார். இப்போது குழந்தைகளின் மெத்தென்ற பிரஷ், நுரை வராத, புதினாக் காரம் இல்லாத பேஸ்ட். நுரைக்கச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் புண்ணுள்ள வாய்க்கு ஆகாது. ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று எங்கள் குப்பத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு மெதுவாக, இரண்டு வேளையாகப் பிரித்துச் செய்தார்கள். கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லின் முனையையும் மழுக்கினார்கள். ஒரு பல்லும் ஆடவில்லை. வலை தைக்கும்போது நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கத்தையும் விட்டேன். இடுப்பில் சின்னக் கத்தரிக்கோல் தொங்குகிறது. என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

பங்குனி 14

ராத்திரி சாப்பிட்டுக் கொப்பளித்து, துணியால் ஈரம் ஒற்றி, ட்ரையாம்சினலோன் பசையைப் பட்டும் படாமல் தடவுகிறேன். பிறகு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நோயை அடக்குவது இந்த ஸ்டீராய்டு பசைதான். நோய் தணிந்தும் கிளம்பியும் வருஷக்கணக்கில் கூடவே இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பசையைத் தொடர்ந்து போட்டதில் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்தது. அதற்குத் தனி மருந்து தந்தார்கள்.

சித்திரை 5

வீட்டு வைத்தியத்தில் எனக்கு ஒத்துக்கொண்டவை: தேங்காய்ப்பாலில் வெந்த மணத்தக்காளிக் கீரை, பழைய சோற்று நீராகாரம், புளிக்காத மோர், இளசான நுங்கு. எரிச்சல் அடங்குகிறது, சாப்பிட முடிகிறது. அவ்வளவுதான், புண் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சோற்றுக்கற்றாழைக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. தாய்லாந்தில் 54 பேரிடம் நடத்தி 2008ல் வெளியிட்ட ஆய்வில், அதன் ஜெல்லைத் தடவியவர்களில் பெரும்பாலோருக்கு நன்றாகவே தணிந்திருக்கிறது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் கசப்பு, வயிற்றுப்போக்கு. படிகாரம், மாசிக்காய் பக்கம் இனி தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

வைகாசி 30

ஆறு மாசத்துக்கு ஒருமுறை காட்டியே ஆகவேண்டுமாம். "புற்று இல்லைன்னு சொன்னீங்களே?" என்றேன். இப்போது இல்லை, பின்னால் வரலாம் என்று டாக்டரம்மா கணக்குச் சொன்னார். கேரளக் கிராமங்களில் 7,639 பேர் வாயைப் பார்த்து 1972ல் எழுதியிருக்கிறார்கள்: நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு இந்த நோய். பின்னால் அந்த மாநிலத்திலேயே 722 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில் மூன்று பேருக்குப் புற்று. குறைவுதான். ஆனால் அந்த மூன்று பேரில் ஒருத்தி நானாக இருக்கக் கூடாதே. ஆறாத சிவப்பு, தடிப்பு, கட்டி எது தெரிந்தாலும் மறுநாளே கிளம்பச் சொன்னார்.

ஆடி 11

கோயில் கூழ். கருவாடும் பச்சை மிளகாயும் சுற்றி வந்தன. நான் மோர் விட்டுக் குடித்தேன். வாய் இந்த வாரம் அமைதி.

இறால் ஏலம் எடுக்கும் பெண்ணொருத்தி, உதட்டுக்குள் எப்போதும் புகையிலை அடக்குகிறவள், தனியாகக் கூப்பிட்டு, "ஆயா, உனக்கு வந்த மாதிரியே எனக்கும் வெள்ளையாகீது, அந்தக் கத்தாழையக் கொஞ்சம் குடேன்" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே பக்கம், புகையிலை அடக்கும் இடத்தில்தான், தடிப்பாக. வலைப்பின்னல் இல்லை. கற்றாழை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள். அவள் புருஷனிடம் நானே பேசினேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பொன்னேரி வரை அவன் கொண்டுவந்து விடுவான். அங்கிருந்து நான் கூட்டிப்போவேன். ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.