ஆறேகால் அங்குல ஆகாய விமானம்

தாம்பரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆகாய விமானம் ஒன்றும் அபூர்வமான வஸ்து அல்ல. சேலையூர்ப் பக்கத்தில் மொட்டை மாடியில் வடகம் உலர்த்தப் போனால், தலைக்கு மேலே ஒரு விமானம் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். இங்குள்ள விமானப் படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயார் செய்யும் பள்ளி ஒன்று நெடுநாளாக நடந்து வருகிறது. வாத்தியார்களுக்கு வாத்தியார்கள் இருக்கும் இடமாதலால், பள்ளிக்கூட உபாத்தியாயனாகிய எனக்கு அந்த மதில்சுவரிடம் எப்போதுமே ஒரு மரியாதை உண்டு. ஆனால் நானே ஒரு விமானம் கட்டப் போகிறேன் என்று சென்ற கோடை விடுமுறை வரையில் சொப்பனத்திலும் எண்ணியதில்லை.

வாசகர்கள் பயப்பட வேண்டாம். நான் சொல்லும் விமானம் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையில் ஆறு அங்குலந்தான். எட்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகன் தபால் மூலம் வரவழைத்த வெளிநாட்டுப் பெட்டி அது. திறந்தால், பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னச் சின்ன உறுப்புகள், காய்த்துத் தொங்கும் முருங்கைப் பிஞ்சுகளைப் போல ஒட்டிக்கொண்டிருந்தன. 'ஆஸ்டர்' என்னும் விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு உருவம். அசலின் இறக்கை 36 அடி. எழுபத்திரண்டால் வகுத்தால் சரியாக அரை அடி. கணக்கு வாத்தியாருக்கு இதிலேயே பாதித் திருப்தி. 'ஆஸ்டர்' என்பது இலத்தீன் மொழியில் தென்திசைக் காற்றின் பெயர் என்று அறிந்ததும் மீதிப் பாதியும் வந்துவிட்டது. தென்றலின் பெயர் தாங்கிய விமானத்தைத் தமிழன் கட்டாமல் வேறு யார் கட்டுவது?

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் இந்தச் சிறு விமானம் செய்த ஊழியம் விசித்திரமானது. பீரங்கிகள் குன்றுக்குப் பின்னாலும் தோப்புக்குள்ளும் மறைந்து நின்று பல மைல்களுக்கு அப்பால் சுடும். சுடுகிறவனுக்குக் குண்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஆஸ்டர் மேலே போயிற்று. இரும்புக் குழாய்ச் சட்டம். அதன் மேல் துணிப் போர்வை. உள்ளே ஒரு ரேடியோ. ஓட்டுகிறவரும் பீரங்கிப் படை அதிகாரியே. "வலப்புறம் நூறு கஜம், இன்னும் இருநூறு கஜம் கூட்டு" என்று அவர் சொல்லச் சொல்ல, கீழே பீரங்கி திருந்தும். கட்டாந்தரையில் இறங்கி, கட்டாந்தரையிலிருந்தே எழும்பும். சுதந்திரத்துக்குப் பிறகு நம் சேனைக்கும் ஆஸ்டர் விமானங்கள் கிடைத்தன. 1947-48 காஷ்மீர்ப் போரிலும் அவை பறந்தன.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நானும் மகனும் வேலையைத் தொடங்கினோம். உறுப்புகளை நகவெட்டியால் நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும் என்பது விதி. "பொறுமை, பொறுமை" என்று பையனுக்கு உபதேசம் செய்துகொண்டே, அவன் தூங்கப் போன சமயத்தில், ஜன்னல் கண்ணாடிகளை ஒரு கணத்தில் பிடித்துக்கொள்ளும் பசையைக் கொண்டு நானே ஒட்டிவிட்டேன். அந்தப் பசையின் ஆவி கண்ணாடி பிளாஸ்டிக்கில் படியும் என்பது எனக்குத் தெரியாது. காலையில் பார்த்தால் ஜன்னல்களெல்லாம் வெள்ளைப் பூத்திருந்தன. பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட விமானத்துக்குக் கண்புரை!

"அவசரப்படாதே என்று வகுப்பில் நீங்கள்தானே சொல்வீர்கள், அப்பா?" என்றான் பையன். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அச்சமயம் என் தகப்பனார் அறையிலிருந்து வந்தார். அவருக்கு வயது 77. வாலிபத்தில் பீரங்கிப் படையில் ஒயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் இருந்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். பென்ஷனைப் பற்றிப் பேசுவார். யுத்தத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

"இது உங்கள் பீரங்கிப் படை விமானம், அப்பா. ஆஸ்டர்" என்றேன்.

கையில் வாங்கிப் பார்த்தார். "எங்கள் தலைக்கு மேலே பறந்தது இது இல்லை. அது கிருஷக்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கிருஷக் என்றால் உழவன் என்று பொருள். பெங்களூரில், அந்நாளைய ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனியில், 'புஷ்பக்' என்ற சிறு விமானத்தை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கியது. 1959-இல் முதன்முதலாகப் பறந்தது. 1977-இல் ஓய்வு பெறும் வரையில் நம் பீரங்கிகளுக்குக் கண்ணாக இருந்தது. பிறகு 'சீட்டா' ஹெலிகாப்டர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. இந்த உழவனின் உருவம் எந்தப் பெட்டியிலாவது கிடைக்குமா என்று நாங்கள் தேடாத இடம் இல்லை. சீமை விமானங்களுக்கும் ஜெர்மானிய விமானங்களுக்கும் பெட்டிகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. நம் நாட்டில் செய்து, நம் வீரர்களைக் காத்த விமானத்துக்கு ஒரு பெட்டி கூட எங்கள் கண்ணில் படவில்லை.

"நாமே செய்துவிடலாம், அப்பா" என்றான் மகன்.

கணக்குப் போட்டோம். கிருஷக்கின் இறக்கை முப்பத்தேழரை அடி; அதாவது ஆறேகால் அங்குலம். ஆஸ்டரின் இறக்கையோடு பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம் சேர்த்தால் தீர்ந்தது. காலாவதியான வங்கி அட்டைகளை வெட்டி அதைச் சேர்த்தோம். வாலையும் அவற்றிலேயே செய்தோம். மூக்கை மரத்தில் செதுக்கினோம். ஜன்னலுக்குப் புதுச் சட்டை வந்த பெட்டியின் கண்ணாடி மூடி. இந்தத் தடவை மெதுவாக உலரும் வெள்ளைப் பசை. உள்ளே ஆசனங்கள், கருவிப் பலகை, அதில் கடுகிலும் சிறிய வட்டங்கள் என்று பதினைந்து நாள் உழைத்தேன். வர்ணம் என்ன என்று தகப்பனாரைக் கேட்டதற்கு, "வெயிலுக்கு எதிரே அண்ணாந்து பார்த்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்" என்றார். ஆகவே பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பையனே பூசினான்.

முடிந்ததும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். என் ஆசனங்களையும் கருவிப் பலகையையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தையே பார்த்தார்.

"மேலே எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் பார்த்ததெல்லாம் இதன் வயிறுதான்" என்றார்.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஓட்டினவரைப் பார்த்திருக்கிறீர்களா, தாத்தா?" என்று கேட்டான்.

"பார்த்ததில்லை. குரல் தெரியும்."

பிறகு அவராகவே சொன்னார். நாலு நாள் ஒரே குரல் காதில் கேட்டதாம். கோபம் வராத குரலாம். குண்டு எவ்வளவு தள்ளி விழுந்தாலும் வைதது இல்லையாம். ஐந்தாம் நாள் மாலை, "கூட்டு நூறு" என்று சொன்ன குரல் அப்புறம் வரவில்லை. இருட்டும் வரையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். மறுநாள் காலையில் வேறு விமானம் வந்தது. வேறு குரல் வந்தது. முதல் குரலுக்கு உரியவர் எங்காவது வயலில் இறங்கிப் பிழைத்தாரா, இல்லையா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. பெயரும் தெரியாது.

இதைச் சொல்ல என் தகப்பனாருக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிய நான், வீட்டில் இருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்காமல் இவ்வளவு காலத்தைக் கழித்துவிட்டேன்.

இப்போது கிருஷக் அவர் கட்டிலுக்கு மேலே தூண்டில் நரம்பில் தொங்குகிறது. படுத்தபடியே அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். மின்விசிறி சுழன்றால் அது மெல்ல வட்டமிடும். மேற்புறத்திலேயே சிரத்தை வைத்த நான் அடிப்பக்கத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை. பசைக் கறை நீளமாகத் தெரிகிறது. "இறக்கிக் கொடுங்கள் அப்பா, துடைத்து மறுபடி பூசிவிடுகிறேன்" என்றேன்.

"இருக்கட்டும். எஞ்சின் எண்ணெய் அப்படித்தான் வழிந்திருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள். நானோ பையனோ வாயைத் திறப்பதற்குள் என் தகப்பனார் முந்திக்கொள்கிறார்:

"கடையிலா? பெங்களூரில் செய்தது!"