கொல்லைப்புறத்து நெருப்பு

மாமியார்மார்கள் முதலிலேயே என்னை மன்னித்துவிட வேண்டும். இந்தக் கட்டுரையை ஒரு மிளகாய்ப் பொடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையில், இந்து மகா சமுத்திரத்தைப் பார்த்தபடி டர்பன் நகரம் இருக்கிறது. அங்கே விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்குள் நுழைந்தீர்களானால் வாசலிலேயே தும்மல் வந்து வரவேற்கும். மஞ்சள், சிவப்பு, செம்மண் நிறம் என்று மசாலாப் பொடிகளைக் குன்று குன்றாகக் குவித்து, ஒவ்வொரு குன்றின் மேலும் ஓர் அட்டையைச் செருகி வைத்திருக்கிறார்கள். இருப்பதற்குள் காரமான குவியலுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'மாமியார் ஒழிப்பு மசாலா'!

"இதைச் சாப்பிட்டு எந்த மாமியாராவது ஒழிந்ததுண்டா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"இதை அதிகமாக வாங்கிப் போகிறவர்களே மாமியார்கள்தாம்" என்றார் அவர்.

நானும் கால் கிலோ வாங்கிப் பையில் போட்டுக் கொண்டேன். அன்று சாயங்காலமே அந்தப் பொட்டலம் ஒரு வீட்டில் சிரிப்பை நிறுத்தப் போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஐந்து தலைமுறை

டர்பனுக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. 1860-ம் வருஷம் நவம்பர் 16-ம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் அந்தத் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். 1911-ல் அந்த ஏற்பாடு நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் அவர்களில் ஏராளம்.

பிற்பாடு வந்த நிறவெறி அரசாங்கம், இன்ன நிறத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950-ல் ஒரு சட்டம் போட்டது. நகரத்துக்குள் வீடும் தோட்டமுமாக இருந்த இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்து, சாட்ஸ்வொர்த் என்ற மேடும் பள்ளமுமான பிரதேசத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நிறவெறி ஆட்சி 1994-ல் ஒழிந்தது. சாட்ஸ்வொர்த் மட்டும் கோயிலும் பள்ளிக்கூடமும் மாமரமுமாக நிலைத்துவிட்டது.

நான் தங்கியது அங்கேதான். வீட்டுக்கார அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. அவருடைய முன்னோர்கள் வட ஆற்காட்டுக்காரர்கள். வீட்டில் பேச்செல்லாம் இங்கிலீஷ். ஆனால் அம்மா, அக்கா, தம்பி, ஆயா, ரசம், வடை, முறுக்கு ஆகிய சொற்கள் ஐந்து தலைமுறையாகியும் கரையாமல் நிற்கின்றன. நான் அவரை 'அக்கா' என்றேன். அவர் என்னைத் 'தம்பி' என்றார். பாஷைப் பிரச்னை அதோடு தீர்ந்தது.

இடுக்கி யார் கையில்?

நான் போயிருந்த நாள் 2024-ம் வருஷம் செப்டம்பர் 24-ம் தேதி. முன்பு ஸூலு மன்னர் ஷாக்காவை நினைவு கூர்ந்து வந்த இந்த நாளை, இப்போது தேசம் முழுவதும் 'பாரம்பரிய தினம்' என்று விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். ஜனங்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'பிராய் தினம்'. காலஞ்சென்ற ஆர்ச் பிஷப் டெஸ்மண்ட் டூட்டூவே இதற்குப் புரவலராக இருந்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்!

பிராய் என்பது ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். கொல்லைப்புறத்தில் விறகை எரித்துத் தணலாக்கி, அதன் மேல் கம்பி வலையை வைத்து உணவைச் சுட்டுச் சாப்பிடுவதற்கு அப்படிப் பெயர். ஸூலு மக்கள் இதையே 'ஷீஸா ஞாமா' என்பார்கள். வெள்ளையர், கறுப்பர், இந்தியர் என்று வேற்றுமை பாராட்டியே பழகிப்போன அந்த நாட்டில், எல்லாருக்கும் பொதுவாக இருப்பது இந்த அடுப்புத்தான்.

அக்காள் வீட்டு அடுப்பு, பழைய எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்குவாட்டில் பிளந்து கால் வைத்தது. விறகு, நம் நீலகிரியில் சீகை என்கிறோமே, அதே மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கேயும் வந்தது, இங்கேயும் வந்தது. கொழுந்து விட்டு எரியும்போது எதையும் வைக்கக் கூடாது. தீ அடங்கி, தணல் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்க வேண்டும். அதுவரை சுற்றி நின்று ஊர் வம்பு பேச வேண்டும். இது முக்கியமான விதி.

இன்னொரு விதியும் உண்டு. அடுப்பு மூட்டியவர் கையில்தான் இடுக்கி இருக்கும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. அநேகமாக அவர் வீட்டு எஜமானராக இருப்பார். மசாலா அரைத்தது, ஊற வைத்தது, பச்சடி செய்தது, பாத்திரம் கழுவப் போவது எல்லாம் ஸ்திரீகள், "பிரமாதம்!" என்ற பெயர் இடுக்கிக்கு. இந்த விஷயத்தில் உலகம் பூராவும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

அந்த நாட்டுப் பண்ணைக்காரர்களின் 'பூரவோர்ஸ்' என்ற சுருள் தொத்திறைச்சிக்கு மணம் கொடுப்பது எது என்கிறீர்கள்? நம்முடைய கொத்துமல்லி விதை! மாட்டிறைச்சி சேர்ந்த பண்டமாகையால் அக்காள் வீட்டில் அதற்கு இடமில்லை; மசாலாவில் ஊறிய ஆட்டுக் கறியும் கோழியும்தான்.

சைவ நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். தணலில் வாட்டிய சோளக் கதிர் உண்டு. சுட்ட கத்தரிக்காய் உண்டு. கடைசியில் தணல் தணியும் நேரத்தில் ஒரு ரொட்டி செய்கிறார்கள். இரண்டு ரொட்டித் துண்டுகளின் வெளிப்புறத்தில் வெண்ணெய் தடவி, நடுவே சீஸ், வெங்காயம், தக்காளி, கொஞ்சம் இனிப்புச் சட்னி வைத்து, கம்பிக் கூட்டுக்குள் அழுத்தி இரு பக்கமும் சிவக்க வாட்டுகிறார்கள். நம் வீட்டுத் தோசைக் கல்லிலும் செய்து பார்க்கலாம். புகை வாசனை மட்டும் வராது.

தணலுக்காகக் காத்திருந்தபோதுதான், தமாஷாக என் பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காளும் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்று விட்டது. உள்ளே போய் ஒரு கண்ணாடிச் சீசாவைக் கொண்டு வந்தார். அதில் பாதி அளவுக்கு அதே மசாலா, நிறம் வெளுத்துப் போய் இருந்தது.

"இது என் மாமியார் வாங்கியது, தம்பி. 2020 மார்ச்சிலே. வருஷா வருஷம் அவரே வாங்கி வந்து, 'இந்தா, உனக்கு ஆயுதம்' என்று என் கையில் கொடுப்பார்" என்றார்.

அன்னாசிப் பழத்துக்கு வந்த மரியாதை

தென்னாப்பிரிக்காவில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது 2020-ம் வருஷம் மார்ச் 5-ம் தேதி. டர்பன் இருக்கும் அதே குவாஸுலு நேட்டால் மாகாணத்தில்தான். 26-ம் தேதி நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. ஜனாதிபதி ரமபோசா டெலிவிஷனில் வந்து புதுப் புது உத்தரவுகளைச் சொல்வார். ஜனங்கள் அந்த நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் 'குடும்பக் கூட்டம்'!

உத்தரவுகள் கடுமையானவை. நாயைக் கூட்டிக் கொண்டு உலாவக் கூடாது. கடற்கரைக்குப் போகக் கூடாது. மது கிடையாது, சிகரெட் கிடையாது. ஏப்ரல் மாதத்தில் கடைகள் சூடாகச் சமைத்த உணவை விற்கவும் கூடாது என்றார்கள். டர்பன்வாசிகளுக்கு இந்தக் கடைசி உத்தரவுதான் பொறுக்கவில்லை. காரணம், 'பன்னி சௌ'.

முழு ரொட்டியைக் கால் பங்காக வெட்டி, உள்ளே குடைந்து, கொதிக்கக் கொதிக்கக் குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டியையே மூடியாக வைத்துத் தருவதுதான் பன்னி சௌ. கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். டர்பன் இந்தியர்கள் கண்டுபிடித்த பண்டம். அக்காளின் மாமியாருக்கு, வீட்டில் எல்லாருக்கும் அவர் 'ஆயா', வட ஆற்காட்டு வழக்கப்படி பாட்டி, பீன்ஸ் குழம்பு ஊற்றிய பன்னி சௌ என்றால் உயிர். 78 வயசிலும் வாரம் ஒன்று வேண்டும்.

கடை மூடிவிட்டதே, என்ன செய்வது? அக்காள் செல்போன் மூலம் பாடம் நடத்திக் கொண்டிருந்தார். ஆகவே அவருடைய புருஷர் வாழ்நாளில் முதல் தடவையாக மாவு பிசைந்தார். முதல் ரொட்டியை ஆயா விரலால் தட்டிப் பார்த்து, "சுவர் கட்ட ஆகும்" என்றாராம். நாலாவது ரொட்டி தேறிவிட்டது. பீன்ஸ் குழம்பும் கற்றுக் கொண்டார்.

மதுவிலக்கு வந்ததும் நாடு முழுவதும் அன்னாசிப் பழம் கிராக்கியாகி விட்டது. வீட்டிலேயே பழத்தையும் சர்க்கரையையும் ஊறவைத்து 'பீர்' தயாரிக்கக் கிளம்பிவிட்டார்கள் ஆண்பிள்ளைகள். இவரும் மோட்டார் ஷெட்டில் ரகசியமாக இரண்டு சீசா போட்டு வைத்தார். ஒரு நாள் மத்தியானம் அவை வெடித்த சத்தத்தில் தெருவே எழுந்தது. "அன்னாசிப் பழத்துக்கு இவ்வளவு கோபம் வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆயா போய்விட்டாராம்.

சுவரே மேஜை

சிரிப்புக்கு நடுவே பயமும் இருந்தது. அண்டை வீட்டுக்குப் போக முடியாது. யாரும் வர முடியாது. தெரு வெறிச்சோடியதும் குரங்குகள் சுவர் மேல் வந்து உட்கார்ந்து மனிதர்களை வேடிக்கை பார்த்தன.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்காளின் புருஷர் பீப்பாய் அடுப்பை மூட்டினார். புகையைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் மூட்டினார். எதிர் வரிசையிலும் புகை கிளம்பிற்று. அதிலிருந்து சனிக்கிழமை தோறும் ஒவ்வொரு கொல்லையிலும் தனித் தனி நெருப்பு. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று உரக்கப் பேசிக் கொள்வார்கள். ஆயா பிரம்பு நாற்காலியைப் பின்வாசலில் போட்டுக்கொண்டு, காற்றில் வரும் வாசனையை வைத்தே தீர்ப்புச் சொல்வாராம். "மூணாவது வீட்டிலே சோளம் கருகுது, திருப்பச் சொல்லு!" சொல்லி அனுப்புவார்கள், உண்மையாகவே கருகிக் கொண்டிருக்கும்.

ஆடி மாதம் வந்தது. டர்பன் தமிழர்கள் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதை இன்றும் விடவில்லை. அம்மையும் கொள்ளை நோயும் அண்டாமல் காக்க வேண்டுமென்று, கப்பலில் கூடவே கொண்டுபோன வழிபாடு. ஆயாவின் வயசுக்குக் கூட்டத்தில் போவது ஆபத்து. "நம் அடுப்பிலேயே காய்ச்சலாமே?" என்றார் மகன். "கறி பட்ட இரும்பிலே அம்மனுக்குக் கூழா?" என்று ஆயா சீறினார். ரோஜாப் பாத்தியிலிருந்து மூன்று செங்கல்லை எடுத்து அடுப்புக் கூட்டி, மக்காச் சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சினார்கள். வேப்பிலையுடன் படைத்து, டம்ளர் டம்ளராகச் சுவர் மேல் வைத்துவிட்டு, பத்தடி பின்னால் நகர்ந்து நிற்பார்கள். பக்கத்து வீட்டார் வந்து எடுத்துக் கொண்டு கும்பிடுவார்கள்.

சனிக்கிழமைப் பொய்

அந்த வருஷக் கடைசியில் கிருமி உருமாறிற்று. உலகத்துக்கு அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அதே டர்பன் நகரத்து விஞ்ஞானிகள். டிசம்பர் 18-ம் தேதி செய்தி வெளியாயிற்று. ஜனவரியில் ஆயா ஆஸ்பத்திரியில்.

யாரும் பார்க்கப் போகக் கூடாது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நர்ஸ் ஒருத்தி டெலிபோனை ஆயாவின் காதருகே பிடித்தாள். மூச்சு வாங்கிக் கொண்டே அவர் கேட்டது ஒரே கேள்வி:

"அடுப்பு மூட்டினீங்களா?"

யாருக்கு அடுப்பு மூட்ட மனசு வரும்? ஆனாலும் மகன், "மூட்டிட்டோம்மா" என்றார். போனை வைத்தவர் நேரே கொல்லைக்கு ஓடினார். அம்மாவிடம் சொன்ன கடைசிப் பேச்சு பொய்யாகி விடக் கூடாதே என்று, நடுங்கும் கையால் விறகை அடுக்கிப் பற்ற வைத்தார். அதன் மேல் எதையும் வைக்கவில்லை. விறகு சாம்பலாகும் வரை புருஷனும் மனைவியும் நின்று கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஆயா போய்விட்டார். தென்னாப்பிரிக்காவில் அந்த நோய்க்குப் பலியானதாக அரசாங்கம் கணக்கெடுத்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். பதினாறாம் நாள் உறவு ஜனம் கூட முடியவில்லை. ஆனால் சாயங்காலம் அக்காள் கொல்லைக் கதவைத் திறந்தபோது, சுவர் நெடுகத் தட்டுகள் இருந்தன. ஒன்றில் சோளம், ஒன்றில் கத்தரிக்காய், ஒன்றில் வீட்டிலே சுட்ட ரொட்டியைக் குடைந்து ஊற்றிய பீன்ஸ் குழம்பு. சுவருக்கு அப்பால் எல்லாக் கொல்லையிலும் புகை.

"இந்தப் பொடியிலே வாசனை எப்பவோ போயிடுத்து, தம்பி. தூக்கிப் போட மனசு வரலை" என்றார் அக்காள்.

தணல் பூத்துவிட்டது. அன்று அண்டை வீட்டார் அத்தனை பேரும் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். பின்வாசலில் அந்தப் பிரம்பு நாற்காலி கிடந்தது. குழந்தைகள்கூட அதில் உட்காரவில்லை. அக்காள் சீசாவை உள்ளே கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிட்டு வந்து, என் பொட்டலத்தைப் பிரித்துச் சோளக் கதிர்களின் மேல் தாராளமாகத் தூவினார். முதல் கதிர் எனக்கு. கண்ணில் நீர் வந்தது. அக்காளைப் பார்த்தேன். "காரம்தான்" என்றார்.

மிச்சப் பொடியைச் சென்னைக்குக் கொண்டு வந்தேன். பெயரைச் சொல்லாமல் என் மனைவி அதைச் சேப்பங்கிழங்கு வறுவலில் போட்டு, என் தாயாருக்குப் பரிமாறினாள். இரண்டு துண்டு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்:

"ஏண்டி, காரம் போதாதே?"