பழி ஓரிடம்



தவறு ஒருவனிடம் இருக்க, தண்டனையை வேறொருவன் பெறுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அப்படி ஒரு தண்டனையை வாங்கிக் கொடுத்தவன் நான். வீட்டுக் கணிப்பொறியில் நேர்ந்த சிறு கோளாறுதான் அதற்குக் காரணம்.

அது 1999ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். கணவரை இழந்து, இரண்டு குழந்தைகளுடன் தாய்வீடு வந்திருந்த என் அக்கா, தம் வளையல்களை விற்றுக் கணிப்பொறி வாங்கி, வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்துவந்தார். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் இருந்த அச்சகங்கள் அவருக்கு வேலை கொடுத்தன. டிசம்பரில் ரமலான் பிறக்கவிருந்ததால், பள்ளிவாசல்களுக்கான ஸஹர், இஃப்தார் நேர அட்டவணைகள் குவிந்திருந்தன. உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகப் பழைய கணிப்பொறி ஒன்றையும் வாங்கியிருந்தோம். ஆனால் பிரின்டர் ஒன்றுதான். ஒவ்வொரு பக்கத்தையும் ஃபிளாப்பியில் ஏற்றி, இங்கிருந்து அங்கு கொண்டுபோக வேண்டியிருந்தது.

அப்போது நான் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு இயந்திரங்களையும் இணைத்துவிட்டால் அக்காவின் சுமை குறையுமே என்று எண்ணி, ரிச்சி தெருவுக்குச் சென்று இரண்டு நெட்வொர்க் கார்டுகளும் ஒரு கேபிளும் வாங்கினேன். கடைப் பையன், “வீட்டு மெஷின்ல மோடம் இருக்கா பாய்?” என்று கேட்டான். “அது எதற்கு உனக்கு? கார்டை மட்டும் கொடு” என்றேன்.

கார்டுகளைப் பொருத்தினேன். பழைய இயந்திரத்தில் தொல்லை ஏதும் இல்லை. மாலையில் அச்சகத்தின் திருத்தங்களை மின்னஞ்சலில் பெறுவதற்காக அக்கா தம் கணிப்பொறியின் மோடத்தை இயக்கினார். அவ்வளவுதான், திரை அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ் அசையவில்லை, விசைகளுக்கும் பதிலில்லை. சேமிக்காமல் வைத்திருந்த அட்டவணை ஒன்று முழுவதுமாக அழிந்தது. அக்கா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மீண்டும் முதல் வரியிலிருந்து தட்டத் தொடங்கினார்.

மறுநாள் கடைக்குச் சென்று, வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அந்தப் பையனைக் கடிந்தேன். கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றேன். முதலாளி வேறு கார்டு தந்தார். “இதை அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்” என்றும் சொன்னார். வெற்றி பெற்றவனைப்போல் மின்சார ரயிலேறி வீடு திரும்பினேன். புதிய கார்டைப் பொருத்தினேன். மோடத்தை இயக்கியதும் திரை மறுபடியும் உறைந்தது!

எங்கள் தெருவில், தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஓடினேன். “இரண்டு கார்டுக்கும் ஒரே நோயா, தம்பி? அப்படியானால் நோய் கார்டில் இல்லை” என்றார். முதலில் கார்டைக் கழற்றினார். மோடம் வேலை செய்தது. பிறகு மோடத்தைக் கழற்றிக் கார்டைப் பொருத்தினார். கார்டும் சரியாக இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் இயந்திரம் நின்றது.

அவர் விளக்கியது இதுதான். கணிப்பொறியின் ஒவ்வோர் உறுப்பும் மூளையாகிய பிராசசரைத் தன் பக்கம் திருப்பத் தனித்தனி அழைப்புக் கம்பி வைத்திருக்கிறது. அதற்கு ஐ.ஆர்.க்யூ. என்று பெயர். அக்காலக் கணிப்பொறிகளில் 0 முதல் 15 வரை மொத்தம் 16 எண்களே இருந்தன. விசைப்பலகைக்கு 1, ஃபிளாப்பிக்கு 6, பிரின்டருக்கு 7, ஹார்டு டிஸ்க்குக்கு 14 என்பது வழக்கம். அக்காவின் மோடம் 3ஆம் எண்ணில் இருந்தது. நான் வாங்கிய கார்டும் தயாரிப்பிலேயே 3ஆம் எண்ணில் வைக்கப்பட்டிருந்தது. பழைய இயந்திரத்தில் மோடம் இல்லாததால் அங்கே மோதல் எழவில்லை.

இன்று மதரஸாவில் பாடம் நடத்தும்போது இது என் நினைவுக்கு வரும். ஒரே பெயருடைய மாணவர்கள் இருவர் இருந்தால், பெயர் சொல்லி அழைத்ததும் இருவரும் எழுந்து நிற்பார்கள். இருவரும் நல்ல பிள்ளைகளே. குழப்பம் பெயரில்தான் இருக்கிறது.

அக்காவின் இயந்திரத்தில் சவுண்டு கார்டு இல்லாததால் 5ஆம் எண் காலியாக இருந்தது. பெரியவர் கார்டின் மீதிருந்த ‘ஜம்பர்’ என்னும் சிறு பிளாஸ்டிக் மூடியை 5க்கு மாற்றி, விண்டோஸிலும் அதே எண்ணைப் பதிந்தார். கார்டும் மோடமும் ஒன்றாக இயங்கின.

எனினும் கணிப்பொறிகள் ஒன்றையொன்று அறியவில்லை. புதியதில் விண்டோஸ் 98, அது டி.சி.பி./ஐ.பி. என்னும் புரோட்டோகாலில் பேசியது. பழையதில் விண்டோஸ் 95. அதில் நெட்பியூயியும் ஐ.பி.எக்ஸும் மட்டுமே இருந்தன. புரோட்டோகால் என்பது இயந்திரங்களின் மொழி. மொழி வேறானால் அடுத்தடுத்து அமர்ந்திருந்தும் பேச முடியாதல்லவா? அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் பெரும் வலையமைப்பே 1983 ஜனவரி 1 அன்று டி.சி.பி./ஐ.பி.க்கு மாறிய பிறகுதான் இன்றைய இன்டர்நெட்டுக்கு அடித்தளம் அமைந்தது. நாங்களும் இரண்டு இயந்திரங்களுக்கும் அதையே வைத்தோம். அவசரத்தில் நான் இரண்டுக்கும் 192.168.0.1 என்ற ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டேன். மீண்டும் அதே பிழை! ஒன்றின் முகவரியை 192.168.0.2 என்று மாற்றிய பின் அட்டவணைகள் ஒவ்வொன்றாக அச்சாகி வந்தன. அக்கா சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார்.

இன்றைய கணிப்பொறிகளில் ஐ.ஆர்.க்யூ. எண்களை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. முகவரி மோதல் மட்டும் இன்னும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டிலிருந்து பாடம் நடத்தியபோது என் இணைப்பு அடிக்கடி அறுந்தது. பிரின்டருக்கு நானே நிலையாகக் கொடுத்திருந்த முகவரியை, ரூட்டர் என் செல்பேசிக்கும் வழங்கியிருந்தது. பிரின்டரின் முகவரியை மாற்றினேன், தொல்லை தீர்ந்தது. எனவே, உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் உடனே புதுப் பொருள் வாங்க ஓடாதீர்கள். கடைசியாக எதைச் சேர்த்தோம் என்று பாருங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். ஒரே எண் இரண்டு இடங்களில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கதையை முடிக்கவில்லையே! அந்த வாரமே ரிச்சி தெருவுக்குச் சென்றேன். முதலாளி பணத்தைப் பிடித்துவிட்டிருந்தார். பலர் முன்னிலையில் பழி சுமத்தியவன், பலர் முன்னிலையில்தானே அதை இறக்க வேண்டும்? வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, “கார்டில் பிழை இல்லை, பிழை என்னுடையது” என்று முதலாளியிடம் சொன்னேன். பிடித்த தொகையைப் பையனின் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. “மோடம் இருக்கான்னு அன்னைக்கே கேட்டேனே பாய்” என்றான்.

ஆம், கேட்டான். அந்தக் கேள்வியிலேயே விடையும் இருந்தது. கேட்டவன் கடைப் பையன் என்பதால் நான் செவிகொடுக்கவில்லை. இன்று வகுப்பில் சிறுவன் ஒருவன் பொருத்தமில்லாததுபோல் தோன்றும் கேள்வியைக் கேட்டால், “ஏன் கேட்கிறாய்?” என்று கேட்ட பிறகே நான் பதில் சொல்லுகிறேன்.